சோலார் பேட்டரி வீட்டில் கார் சார்ஜர்: எந்த லைனில் கொடுக்கக் கூடாது?

சோலாரும் பேட்டரியும் ஏற்கனவே உள்ள வீட்டுக்கு எலெக்ட்ரிக் கார் வந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, சார்ஜரை இன்வெர்ட்டரின் பேக்கப் லைனில் இழுத்துவிடுவது. கரன்ட் போனாலும் காரில் சார்ஜ் ஏறட்டுமே என்ற ஆசைதான். கணக்கைப் பாருங்கள். 51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 5 யூனிட். நடுத்தரக் காரின் பேட்டரியோ 30 முதல் 45 யூனிட். சொம்புத் தண்ணீரை ஊற்றி அண்டாவை நிரப்பப் பார்க்கிற வேலை இது.

7.2 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் ஓவர்லோடு காட்டி நிற்கும். கூடவே விளக்கும் ஃபிரிட்ஜும் அணையும். 15 ஆம்பியர் பிளக்கில் ஓடும் 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் இன்வெர்ட்டர் தாங்கும், ஆனால் பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. காருக்குக் கிடைத்தது 25, 30 கிலோமீட்டர் ஓட்டம். ராத்திரி கரன்ட் போனால் மின்விசிறிக்குக்கூட எதுவும் மிச்சமிருக்காது. டியூபுலர் பேட்டரி என்றால் இன்னும் மோசம்: பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுளே குறைந்துவிடும்.

எனவே சார்ஜருக்கு மீட்டரை அடுத்த மெயின் போர்டிலிருந்து, இன்வெர்ட்டருக்குப் போகும் லைனுக்கு முன்பே, தனி வழி எடுங்கள். 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக அணையும் ஸ்விட்ச்) போட வேண்டும். மணிக்கணக்கில் முழு லோடு ஓடும் இடத்தில் 32 ஆம்பியர் எம்.சி.பி. சூடேறி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்த வீட்டிலும் காலையில் பேட்டரி காலியாகக் கிடக்கலாம். காரணம், வயரில் ஓடும் கரன்ட்டை அளக்கும் சி.டி. என்கிற சின்ன வளையம். சோலார், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்து நடத்தும் ஹைபிரிட் இன்வெர்ட்டர், மீட்டர் பக்கத்து வயரில் மாட்டிய சி.டி.யை வைத்துத்தான் வீடு எவ்வளவு இழுக்கிறது என்று அறிகிறது. அந்த வளையத்துக்கு உள்ளே, வீட்டுப் பக்கம், சார்ஜர் இருந்தால் காரும் வீட்டு லோடுதான் என்று நினைத்துப் பேட்டரியை அதற்கு இறக்கிவிடும். நெட் மீட்டர் (ஈ.பி.க்கு அனுப்பும் சோலார் கரன்ட்டையும் கணக்கில் எடுக்கும் மீட்டர்) உள்ள வீட்டில் சார்ஜருக்குப் பிரியும் இடத்தைத் தாண்டி, இன்வெர்ட்டர் பக்கமாக சி.டி.யை மாட்டினால் போதும். ஏற்றுமதியைப் பூஜ்யமாக வைத்திருக்கும், அதாவது சோலார் கரன்ட்டை ஈ.பி. லைனுக்கு அனுப்பாத, வீட்டில் அப்படி மாற்றக் கூடாது. கார் இழுப்பது தெரியாததால் இன்வெர்ட்டர் பகலிலும் சோலார் உற்பத்தியைக் குறைத்துவிடும். அங்கே சி.டி.யை மீட்டரிடமே விட்டுவிட்டு, கார் ஏறும் இரவு நேரத்துக்கு மட்டும் பேட்டரி இறங்காதபடி இன்வெர்ட்டர் செட்டிங்கில் நேரம் குறியுங்கள்.

த்ரீ ஃபேஸ் வீடுகளில் இன்னொன்று. சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் ஆர் ஃபேஸிலும் சார்ஜர் ஒய் ஃபேஸிலும் இருந்தால், கார் இழுப்பது இன்வெர்ட்டருக்குத் தெரியவே தெரியாது. வயரிங்குக்கு முன்பே எந்த ஃபேஸ் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏ.சி. டைப், காரிலிருந்து கசியும் டி.சி. கரன்ட்டில் மரத்துப்போய், ஷாக் அடிக்கும்போது டிரிப் ஆகாமல் போகலாம். சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டி.சி. பாதுகாப்பு இருந்தால் 30 மில்லிஆம்பியர் ஏ டைப் போதும். இல்லையென்றால் பி டைப். வீடு முழுக்க இருக்கும் ஏ.சி. டைப் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே சார்ஜரைக் கொடுக்காதீர்கள்.

கேபிள் 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பு. 30 மீட்டர் தூரத்தில் அதிலேயே சுமார் 6 வோல்ட் விழும். அதற்கு மேல் தூரம் என்றால் 10 சதுர மி.மீ. போடுங்கள். பழைய 15 ஆம்பியர் சாக்கெட்டில் தினம் ஆறு மணி நேரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கி ஓட்டையைச் சுற்றிப் பாருங்கள்: லேசாகப் பழுப்பு வளையம் தெரிந்தால் உள்ளே கிளிப் தளர்ந்து சூடேறுகிறது. அன்றே மாற்ற வேண்டும். அந்த இடத்தில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுவது நல்லது.

எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் ஏற்றவே மறுக்கும். ஈ.பி. லைனில் ஏறிய கார், பேக்கப்பில் மட்டும் எர்த் ஃபால்ட் காட்டுகிறதா? கார் பழுதில்லை. ஈ.பி. துண்டிக்கப்பட்டதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இருந்த தொடர்பு அறுந்து நியூட்ரல் மிதக்கிறது. அதற்காகச் சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் கம்பி போட்டு இணைத்துவிடும் வழக்கம் மிக ஆபத்தானது. நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பே ஷாக் அடிக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை பகல் 10 முதல் 3 மணிதான் காருக்கு உகந்தது. 1 கிலோவாட் பேனல் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் இருந்தால் காரும் வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். சோலாருக்கு ஏற்றபடி குறைத்து ஓட்டினாலும் சார்ஜரை 6 ஆம்பியருக்குக் கீழே இறக்க முடியாது, அதாவது சுமார் 1.4 கிலோவாட். மேகம் வந்துபோகும் நாளில் அது நின்று நின்று ஓடாமலிருக்க, சார்ஜர் செட்டிங்கில் சில நிமிடத் தாமதம் வைக்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 280 யூனிட் ஆகும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறிவிடும் என்பதால், முழுவதையும் ராத்திரியில் ஏற்றும் வீட்டுக்குச் செலவு கூடும். 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்குவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடைக் கேட்டு, தேவையானால் உயர்த்த விண்ணப்பியுங்கள்.

முதல் சார்ஜிங்கில் ஒரு மணி நேரம் கழித்து எம்.சி.பி.யின் முனைகளைத் தெர்மாமீட்டர் கன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஒரு முனை மட்டும் மற்றதைவிட நன்றாகச் சூடாக இருந்தால் அங்கே லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) சரியாக அழுத்தப்படவில்லை. மெயினை அணைத்துவிட்டு, புதிய லக் போட்டு மறுபடி முறுக்க வேண்டும்.