நூலகப் புத்தகக் கலந்துரையாடல் குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் புத்தகக் கலந்துரையாடல் குழுக்கள் ஆர்வலர் இல்லாமல் நின்றுபோவது அரிது. வந்தவர்களுக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேச இடம் கிடைக்காததால்தான் பல குழுக்கள் கலைகின்றன. நான் பங்கேற்ற ஒரு குழுவில் முதல் கூட்டத்திற்கு இருபது பேர் வந்தோம். மூன்றாவது கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் செய்த பிழைகளையே பிற குழுக்களிலும் பின்னர் கண்டேன் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் பிழை, நூலகத்தில் எத்தனை பிரதிகள் உள்ளன என்று கேட்காமலேயே புத்தகத்தை அறிவித்துவிடுவது. குழுவில் 12 பேர், நூலகத்தில் இரண்டு பிரதிகள், இரவல் காலம் 14 நாட்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் முழுக் காலத்தையும் எடுத்துக்கொள்ளும்போது கடைசி இருவரின் கைக்குப் புத்தகம் வர 70 நாட்கள் ஆகும். கூட்டமோ 30 நாட்களில் வந்துவிடும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. கலந்துரையாடல் குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை என்றே கருதுகிறேன். மூன்று மாதங்களுக்கான புத்தகங்களை ஒரே முறையில் முடிவுசெய்து நூலகரிடம் தந்துவிட்டால், கிளை நூலகங்களிலிருந்து பிரதிகளை வரவழைக்கவோ முன்பதிவு வரிசையை ஒழுங்குசெய்யவோ அவருக்கு அவகாசம் கிடைக்கும். நூலகரை அறையின் சாவி தருபவராக மட்டும் நடத்தும் குழுக்கள் இந்த உதவியை இழக்கின்றன. பிரதி போதவில்லை என்பதற்காக முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் தவறு. உரிமம் பெறாத அந்தப் பகிர்வு எழுத்தாளரின் வருமானத்தில் கைவைப்பதாகும், நூலகத்தின் பெயரையும் அது கெடுக்கும்.

புத்தகத்தின் பருமனையும் கவனிக்க வேண்டும். 300 பக்க நூலை 30 நாட்களில் முடிக்க நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். 900 பக்க நூலை அப்படி முடிக்க முடியாது, அதை மூன்று கூட்டங்களாகப் பிரித்துக்கொள்வதே முறை.

இனி, கூட்டத்திற்குள் நேரும் பிழைகள். இவற்றில் மிகவும் கெடுதலானது, நடத்துபவரே சொற்பொழிவாளராக மாறிவிடுவது. எழுத்தாளரின் வாழ்க்கை வரலாறு, கதைச் சுருக்கம், விமர்சகர்களின் கருத்து என்று அவர் முக்கால் மணி நேரம் பேசி முடித்தபின் மற்றவர்களுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. 1947இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன், தன் வாசிப்புக் குழுக்களுக்காக வளர்த்தெடுத்த முறையில், நடத்துபவர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், அதுவும் தனக்கே உறுதியான விடை தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. நடைமுறையில் இது எளிதன்று, ஆனால் பலன் தருகிறது. “நாவல் பிடித்திருந்ததா?” என்று கேட்டால் ஆம், இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அவள் அந்தக் கடிதத்தை எழுதி முடித்தபின்னும் ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்டால் எல்லோரும் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடுவார்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால், அத்தியாய எண்ணைச் சொல்வது தேடும் நேரத்தைக் குறைக்கும்.

ஒவ்வொருவரும் வரிசையாகக் கருத்துச் சொல்லட்டும் என்ற ஏற்பாடு நியாயமானதாகத் தோன்றும். ஆனால் 12 பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினால் 90 நிமிடக் கூட்டத்தில் 60 நிமிடம் போய்விடும்; அதைவிடப் பெரிய இழப்பு, தன் முறை வரும்வரை அவரவர் தாம் சொல்லப்போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை. கூட்டம் நடந்தாலும் கலந்துரையாடல் நடக்காது.

மௌனத்தைக் கண்டு பதறுவதும் ஒரு பிழையே. கேள்வி கேட்டு மூன்று விநாடிகளில் நடத்துபவரே விடையும் சொல்லிவிட்டால், யோசித்துப் பேசும் இயல்புடையவர்கள் ஒருபோதும் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் குழுவில் மூன்று கூட்டங்களிலும் எதுவும் பேசாமல் கதவோரம் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், நான்காவது கூட்டத்தில் அந்தக் கடிதப் பகுதியை ஒருவர் வாய்விட்டுப் படித்து நிறுத்தியபோது, நீண்ட அமைதிக்குப் பிறகு, “நான்காக மடித்து வைத்தாள் என்றுதானே எழுதியிருக்கிறது? கிழிக்க நினைப்பவர்கள் மடிக்கமாட்டார்கள்” என்றார். அடுத்த அரை மணி நேரம் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே பேசினோம். பதினைந்து விநாடி பொறுத்திருக்காவிட்டால் அதை இழந்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

புத்தகத்தை முடிக்காதவர்களை வெட்கப்படுத்துவது மற்றொரு தவறு. முடிவைப் பற்றியும் பேசப்படும் என்று முன்பே அறிவித்துவிட்டு, அவர்களையும் வரச் சொல்லலாம். பாதியில் ஏன் நிறுத்தினார்கள் என்பதே சில நேரங்களில் நல்ல விவாதத்தைத் தொடங்கிவைக்கும். படிக்காமலேயே பொதுக் கருத்துகளை நெடுநேரம் பேசுபவரை மட்டும், “நீங்கள் சொல்வது புத்தகத்தில் எந்த இடத்தில் வருகிறது?” என்று மரியாதையாகக் கேட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

நூலகம் மூடும் நேரம் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு அவசரமாகக் கலைவதையும் தவிர்க்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடங்களை ஒதுக்கி, அடுத்த புத்தகத்தின் பிரதிகளை மேசையில் வைத்து, வந்தவர்கள் அங்கேயே இரவல் பதிவு செய்துகொண்டு செல்ல வழிசெய்தபின் எங்கள் குழுவில் ஐந்து பேர் மீண்டும் பதினொரு பேரானார்கள்.