கைதிகளின் மேல்முறையீட்டுக் கட்டண விலக்கு: நானும் செய்த தவறுகள்

அமெரிக்க ஃபெடரல் சிறைகளிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து மனு தயாரிக்க உதவுவது என் வேலை. தண்டனையை ரத்து செய்யக் கேட்கும் 2255 மனுவைப் (சட்டப் பிரிவின் எண்தான் அது) போடக் கட்டணம் கிடையாது. அது தள்ளுபடியாகி மேல்முறையீட்டுக்குப் போனால் 605 டாலர். சிறையில் மணிக்கு 12 சென்ட் சம்பாதிக்கிறவர் எங்கே போவார்? அதனால்தான் கட்டண விலக்கு மனு.

புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை எழுதுவதைப் பார்க்கும்போது பழைய என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. கையெழுத்து விட்டுப்போவது, வழக்கு எண் மாறுவதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏழ்மையை மட்டும் எழுதுவது

கட்டண விலக்கு கேட்கும் நான்காம் எண் படிவத்தில், வருமானக் கேள்விகள் தொடங்கும் முன்பே, 'மேல்முறையீட்டில் நான் எழுப்பும் பிரச்சினைகள்' என்று ஓர் இடம் விட்டிருப்பார்கள். எல்லோரும் அதைத் தாண்டி நேராக வங்கி இருப்புக்குப் போய்விடுகிறார்கள்.

நானும் போனேன். ஒருவரின் சிறைக் கணக்கில் 11 டாலர் இருந்தது. அவருடைய கஷ்டத்தை மூன்று பக்கம் உருகி உருகி எழுதினேன். பிரச்சினைகள் என்ற இடத்தில் ஒரே வரி: 'எனக்கு அநீதி நடந்துவிட்டது.' அவர் ஏழை என்பதில் நீதிபதிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மேல்முறையீடு 'நல்லெண்ணத்தில்' செய்யப்படவில்லை என்று சான்றளித்து விலக்கை மறுத்துவிட்டார்.

இந்த 'நல்லெண்ணம்' மனம் சம்பந்தப்பட்டதே இல்லை. வாதிடத் தகுந்த சட்டக் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். 1962-இல் கோப்பெட்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னிடம் வந்த அந்தக் கைதியிடம் அப்படி ஒரு கேள்வி இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பதாக அரசுத் தரப்பு முன்வந்ததை வக்கீல் அவரிடம் சொல்லவே இல்லை. 2012-இன் மிசௌரி எதிர் ஃப்ரை தீர்ப்பு இதற்கென்றே இருக்கிறது. எல்லாம் என் கோப்பில் கிடந்தது, மனுவில் இல்லை!

மறுப்பு வந்தாலும் 30 நாளுக்குள் சர்க்யூட் நீதிமன்றத்திலேயே (மேல்முறையீட்டை விசாரிக்கும் ஃபெடரல் நீதிமன்றம்) புதிதாகக் கேட்கலாம். அவருக்கு அது தெரியாது. உத்தரவை எனக்கு அனுப்பி வைத்தார். கவர் என் மேசைக்கு வந்தது 34-ஆவது நாள். இன்றும் யாராவது அந்த இடத்தைக் காலியாக விட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கீழ் நீதிமன்றம் எதைச் சொல்லித் தள்ளியது, அது ஏன் தவறு என்று மூன்று வரி எழுதினால் போதுமே.

இரண்டு அனுமதியையும் குழப்புவது

மேல்முறையீடு செய்யவே அனுமதி தரும் மேல்முறையீட்டுச் சான்றிதழ் வேறு, கட்டண விலக்கு வேறு. சான்றிதழுக்கான தேர்வு கடினம்: அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டதை வலுவாகக் காட்ட வேண்டும். அது மறுக்கப்பட்டதால் விலக்கும் போச்சு என்று கைவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தவணைப் படிவத்தில் கையெழுத்து

1996 சட்டப்படி கட்டணத்துக்காகக் கைதியின் முந்தைய மாத வருமானத்தில் 20 சதவீதத்தை மாதாமாதம் தவணையாகப் பிடிப்பது சாதாரண சிவில் வழக்குகளுக்கு. 2255-க்கு அது பொருந்தாது என்று பல சர்க்யூட்கள் சொல்லிவிட்டன. அதற்குச் சம்மதிக்கும் படிவத்தைப் பழக்க தோஷத்தில் இணைத்துவிடாதீர்கள்.

கணக்கு அறிக்கை

சிறைக் கணக்கின் கடைசி ஆறு மாத அறிக்கையை, சிறை அதிகாரி சான்றளித்ததாக, மனுவோடு இணையுங்கள்.

கெடு

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 2255-க்கு 60 நாள். மாநில நீதிமன்றம் தண்டித்த கைதி போடும் இதே மாதிரியான 2254 மனுவுக்கு 30. சிறைத் தபாலில் கொடுத்த நாளே தாக்கல் நாள், ஆனால் அந்தத் தேதியையும் தபால் கட்டணம் செலுத்தியதையும் உறுதிமொழியாக எழுதி இணைக்க வேண்டும்.