கேமுக்கு முன் மூடு, அப்புறம் திற: பேட்ச் கோப்பு எங்கே பிழை விடுகிறது?

கேம் தொடங்குமுன் குரோம், டிஸ்கோர்ட், ஒன்டிரைவ் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் மூடி, விளையாடி முடிந்ததும் தானாகத் திறக்கிற சின்ன பேட்ச் கோப்பு (விண்டோஸுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த .bat கோப்பு) நல்ல யோசனைதான். 8 ஜிபி ரேமோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் யாரோ எழுதியதை அப்படியே கொப்பி பண்ணி, கண்ணில் பட்ட பெயரையெல்லாம் அதில் சேர்த்துவிடுகிறார்கள். மூடுவது சுலபம். திரும்பத் திறக்கிற பாதியைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் மூடுகிற விதம். மென்பொருளை நிறுத்தும் 'டாஸ்க்கில்' (taskkill) கட்டளையை வெறுமனே கொடுத்தால், அது மென்பொருளை மூடிக்கொள்ளச் சொல்லும். சேமிக்காத வேலை இருந்தால் மென்பொருள் உங்களிடம் கேட்கும். கூடவே /எஃப் போட்டால் கேள்வியே இல்லை, அந்த நொடியே நிறுத்திவிடும். வீட்டில் ஒரே கொம்பியூட்டர், பகலில் திருகோணமலை கோணேசபுரி கம்பஸில் படிக்கும் அக்காவின் அசைன்மென்ட், இரவில் தம்பியின் வலோரன்ட் கேம் என்றால், /எஃப் போட்ட வரி ஒன்றே சண்டைக்குப் போதும். முதலில் மரியாதையாகக் கேளுங்கள், பத்து விநாடி பொறுங்கள், அப்புறமும் போகாததை மட்டும் பலவந்தமாக நிறுத்துங்கள்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்கோர்ட் போன்றவை மூடச் சொன்னால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். மூடிவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள், அது ஓடிக்கொண்டே இருக்கும். அதன் செட்டிங்ஸில் அந்தப் பழக்கத்தை நிறுத்தலாம். ஒன்டிரைவை ஒழுங்காக மூட அதற்கே சொந்தமாக /ஷட்டவுன் என்ற சொல் இருக்கிறது.

அடுத்தது பட்டியல். ஓடுகிறவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் பெயர் விளங்காததையெல்லாம் சேர்ப்பது பெரும்பிழை. விண்டோஸின் உயிர்நாடியான சிஎஸ்ஆர்எஸ்எஸ் போன்ற ஒன்றை நிறுத்தினால் நீலத்திரைதான். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளிலும் கை வைக்கக் கூடாது: வலோரன்டின் வான்கார்டை வெளியேற்றினால் கொம்பியூட்டரையே மறுபடி போட்டால்தான் விளையாடலாம், ஏனென்றால் அதன் டிரைவர் விண்டோஸோடு சேர்ந்து எழும்புவது. யூபிஎஸ்ஸோடு வந்த மென்பொருளையும் விட்டுவிடுங்கள். கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது கொம்பியூட்டரை ஒழுங்காக நிறுத்துவது அதுதான். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி இலங்கை முழுக்க இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ரேம் சதவீதத்தை மட்டும் பார்த்து எதை மூடுவது என்று முடிவெடுப்பதும் வீண்வேலை. சும்மா கிடக்கும் மென்பொருளின் நினைவகத்தைத் தேவைப்பட்டால் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியு, டிஸ்க், நெட்வொர்க் என்ற மூன்று நெடுவரிசைகளைப் பாருங்கள்; அங்கே எண் ஏறுவதுதான் எதிரி. 'ரேம் கிளீனர்' என்று விற்கப்படுபவை நினைவகத்தைக் கட்டாயமாகக் காலி செய்து சுமையை டிஸ்க்குக்குத் தள்ளும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கேம் விக்கும். பிங், அதாவது சர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரம், அந்த விஷயமும் இப்படித்தான். ஒன்டிரைவ் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் அப்லோட் நிரம்பி பிங் குதிக்கும், அதை மூடினால் நிற்கும். ஆனால் திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்கு உள்ள தூரம் எதை மூடினாலும் குறையாது.

இனித்தான் திறக்கிற பாதி. ஸ்டார்ட் கட்டளையோடு /வெயிட் போட்டு, கேம்களைத் திறந்துதரும் ஸ்டீம் மென்பொருளின் இணைப்பால் கேமைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். இணைப்பை ஸ்டீமிடம் கொடுத்ததோடு ஸ்டார்டின் வேலை முடிந்துவிடும். கேம் முடிந்ததாக எண்ணி, மேட்ச் தொடங்குமுன்னே குரோமையும் டிஸ்கோர்டையும் வரிசையாகத் திறக்கும். மூடாமலே இருந்திருக்கலாம். இதற்கு வழி, கேமின் சொந்த பிராசஸ் பெயரை (டாஸ்க் மேனேஜரில் அது ஓடும் பெயரை) கண்காணிப்பது: முதலில் அது தோன்றும்வரை காத்திரு, அப்புறம் அது மறையும்வரை காத்திரு. சில விநாடிக்கொருமுறை பார்த்தால் போதும். தோன்றும்வரை காத்திருக்கும் முதல் படியை விட்டால் பழைய கதைதான், லோடிங் திரைக்கு முன்னே எல்லாம் திறந்துவிடும்.

இடைவெளி உள்ள கோப்புப் பாதையை மேற்கோளுக்குள் வைத்து ஸ்டார்ட்டுக்குக் கொடுத்தால், அதை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு வெறும் கறுப்புத்திரையைத் திறக்கும். பாதைக்கு முன்னால் ஒரு வெற்று மேற்கோள் இணை போட்டால் சரி.

எல்லாவற்றிலும் மோசமானது, கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுவது. மூடும்போது வித்தியாசம் தெரியாது. திறக்கும்போது அந்த அதிகாரம் டிஸ்கோர்ட் போன்றவற்றுக்கும் போய்ச் சேரும். ஃபோல்டரிலிருந்து ஒரு படத்தை இழுத்துப் போட்டால் உள்ளே விழாது. காரணம் தெரியாமல் மண்டை காய்வீர்கள். பாதுகாப்புக்கும் அது நல்லதல்ல. நீங்கள் சாதாரணமாகத் திறந்த மென்பொருளை மூட அட்மின் அதிகாரம் தேவையே இல்லை.

முதலில் திறந்திருந்ததை மட்டும் திறக்க வேண்டும் என்பதும் பலருக்கு மறந்துபோகிறது. மூடுமுன் எது ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளாத கோப்பு, காலையில் நீங்கள் தொடாத மென்பொருளையும் இரவில் திறந்து வைக்கும். எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள் பட்டியலின் மூடும் பக்கத்தில் இருந்து திறக்கும் பக்கத்தில் இல்லாவிட்டால், மறுநாள் தமிழில் தட்டினால் ஆங்கில எழுத்துதான் வரும். இடையில் கரண்ட் போனால் இரண்டாம் பாதி ஓடவே ஓடாது. ஆகவே கட்டாயம் ஓட வேண்டியவற்றை ஸ்டார்ட்டப் பட்டியலிலும் வையுங்கள். விண்டோஸ் அப்டேட் போன்ற சேவைகளை 'ஸ்டொப்' செய்யலாம், 'டிஸேபிள்' செய்ய வேண்டாம். முன்னது மறுபடி ஓடிவிடும். பின்னது நீங்களே மாற்றும்வரை செத்துக் கிடக்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. கேம் நடுவே ரீஸ்டார்ட் அறிவிப்பு வருவதுதான் கவலை என்றால், 2017இல் விண்டோஸ் 10இல் வந்த கேம் மோடே அதைப் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு, கேம் முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி அப்புறம்தான் இழுக்கிறது என்றால், பின்னால் ஓடும் மென்பொருளைத் திட்டாதீர்கள். சூடான கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் லேப்டொப் சூடாகி வேகத்தைத் தானாகக் குறைக்கிறது. அதற்கு பேட்ச் கோப்பு அல்ல, உள்ளே அடைந்த தூசியைத் தட்டி, கீழே காற்றுப் போக இடம் விடுவதுதான் வேலை செய்யும்.