கடல் தூண்டிலுக்கு விலை உயர்ந்த ராடு: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் சிக்காத நாளெல்லாம் நம் கண் பக்கத்து ஆளின் ராடு மேல்தான் போகும். அவருடையது விலை கூடியது, அதனால்தான் இழுக்கிறார் என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பி நானும் ஒருமுறை கை நிறையச் செலவழித்தேன்.

ராடு வந்த இரண்டாம் வாரம். பாறை மேல் நின்றிருந்தேன், நல்ல மீன் காலடி வரை வந்துவிட்டது. ஆசையில் ராடை வானத்தைப் பார்க்க நிமிர்த்தித் தூக்கினேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், நுனி இரண்டு துண்டு. செய்த கம்பெனியைத்தான் பல நாள் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. அப்படி நிமிர்த்தினால் இழுவை முழுவதும் மெல்லிய நுனி மேல் விழும், தடித்த அடிப்பகுதி சும்மா இருக்கும். மீன் பக்கத்தில் வந்ததும் ராடைத் தாழ்த்திக்கொண்டு வலையால் அள்ள வேண்டும்.

விலை கூடினால் பலமும் கூடும் என்று நினைப்பதுதான் இதில் முதல் தவறு. விலை கூடிய ராடுகளில் பெரும்பாலும் விறைப்பு அதிகமுள்ள கார்பன் இழை இருக்கும். இழை விறைப்பாக இருப்பதால் கொஞ்சம் போட்டாலே போதும். சுவர் மெலிகிறது, எடை குறைகிறது. நாம் காசு கொடுப்பது அந்த எடைக் குறைவுக்கும், மீன் கொத்துவது கையில் துல்லியமாகத் தெரிவதற்கும்தான். ஆனால் ஈயக்குண்டு ஒருமுறை ஆடி மோதினாலே மெல்லிய சுவரில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழலாம். அது வேறொரு நாள், சின்ன மீனுக்குக்கூட முறியும். ஃபைபர் கிளாஸ் கனம்தான், ஆனால் நம் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து 1976-இல் வந்த அக்லி ஸ்டிக் என்ற ராடு இன்றும் விற்பதற்கு இந்தப் பொறுமைதான் காரணம் என்பேன்.

ராடில் அச்சிட்ட எழுத்துகளில் மயங்குவது இன்னொன்று. ஐஎம்6, ஐஎம்7 என்பவை தர முத்திரைகள் அல்ல, ஒரு நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். ‘30 டன்’ என்றிருந்தால் அது இழையின் விறைப்பை மட்டும் சொல்கிறது. பிசின் எப்படி, சுற்றிய கை எப்படி என்று சொல்லாது. பார்க்க வேண்டிய எண் எறியும் எடை, அதாவது ராடு எவ்வளவு எடையை வீசத் தாங்கும் என்பது. 100–200 கிராம் என்றால் இரையும் அதில் அடக்கம். 200 கிராம் குண்டோடு ஒரு முழு மீனையும் கோத்து வீசினால் எந்த விலை ராடும் திணறும். நீளமும் அப்படித்தான். கரையிலிருந்து தூரம் வீச 12–14 அடி சரி. அதையே படகில் வைத்துப் போராடினால் நெம்புகோல் பலம் நமக்கு இல்லாமல் மீன் பக்கம் சேர்ந்துவிடும். அங்கே 6–7 அடி போதும்.

காசு கொடுக்கத் தகுந்த இடம் என்றால் ராடில் நூல் நுழைந்து போகும் வளையங்களைச் சொல்வேன். பிரெய்டு எனும் பின்னிய நூல் மட்டமான வளையத்தை அறுத்துப் பள்ளம் போட்டுவிடும், அந்தப் பள்ளம் திரும்ப நூலை அறுக்கும். சிலிக்கான் கார்பைடு பதித்த வளையம் நன்றாகத் தாங்கும். பஞ்சை வளையத்துக்குள் விட்டுச் சுற்றிப் பாருங்கள், இழை மாட்டினால் விரிசல் இருக்கிறது.

அப்புறம், எல்லாப் பணத்தையும் ராடில் கொட்டிவிட்டு மிச்சத்தில் நூல் சுற்றும் ரீல் ஏதோ ஒன்றை வாங்குவதும் தவறு. கடல் மீன் ஓடும்போது வேலை செய்வது ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை அளவாக நழுவவிடும் பிரேக். அதை நூல் அறுபடும் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். டிராக் சீராக நழுவாமல் இறுகி இறுகி விட்டால் நூல் போய்விடும், ராடின் விலை அங்கே எடுபடாது. நடுத்தர ராடும் நல்ல ரீலும் போதும் என்பதே என் கட்சி.

அப்படியானால் விலை கூடியது யாருக்கு? காலையிலிருந்து மாலை வரை செயற்கை இரையை வீசி வீசி இழுப்பவருக்கு. ஒவ்வொரு கிராமும் மணிக்கட்டில் தெரியும். மணலில் ஸ்டாண்டு நட்டு, ராடைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு? எடையைச் சுமப்பது ஸ்டாண்டுதானே.

எந்த ராடாக இருந்தாலும் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, இணைப்பைக் கழற்றிக் காய வையுங்கள். ரீல் மாட்டும் திருகில்தான் உப்பு ஒளிந்திருக்கும். கார்பன் மின்சாரம் கடத்தும். இடி கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குங்கள்.