பழைய எல்லை மேட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு

காவேரிப்பாக்கம் பக்கம் எங்கள் கொல்லையை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு மண்மேடு ஓடுகிறது. பக்கத்துக் கொல்லையில் அறுந்துபோகிறது. வரப்புக்கு இவ்வளவு அகலம் எதற்கு? ஏரிக்கரை என்றால் மதகு எங்கே, உபரி நீர் வழியும் கலங்கல் எங்கே? மகேந்திரவாடியில் பல்லவர் காலத்து ஏரியே இருக்கிற வட ஆர்க்காட்டில் எந்த மேட்டையும் முதலில் கரையா என்று சந்தேகிக்க வேண்டும். இது கரை இல்லை, பழைய எல்லை மேடு.

இப்படி அறுந்துபோன மேட்டின் தொடர்ச்சியைத் தேட, முதலில் அரசின் இணையச் சேவையில் புலப்படத்தை (நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் படம்) எடுத்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடத்தில் மூன்று ஊர் சேரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பழைய பத்திரம். நான் சறுக்கியது இங்கேதான். பக்கத்துக் கொல்லையின் சக்குபந்தியில், அதாவது நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், ‘பெரிய மேட்டுக்கு மேற்கு’ என்றிருந்தது. மேடு மேற்கே இருக்கிறது என்று படித்துவிட்டு, ஒரு காலை முழுவதும் முள்ளில் அலைந்தேன். மேட்டுக்கு மேற்கே இருப்பது நிலம், மேடு கிழக்கில். அரசர்கள் நிலம் தானம் கொடுத்த பழைய செப்பேடுகளில் இந்தக் குழப்பம் வராது. ‘கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கும்’ என்று இரண்டு திசையையும் சொல்லிவிடுவார்கள். முதல் திசை எல்லை நிற்கும் பக்கம். அடுத்தது, அங்கிருந்து பார்த்தால் நிலம் கிடக்கும் பக்கம். பத்திரம் எழுதும் வழக்கில் அந்த முதல் திசை உதிர்ந்துவிட்டது. தாளில் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வோர் எல்லையையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.

அந்தச் செப்பேடுகளில்தான் பெண் யானையை நடத்தி எல்லை சுற்றியதும், ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்பதும் வருகின்றன. கள்ளியை நம்பாதீர்கள், வேலிக்குப் போன வருடம்கூட நட்டிருப்பார்கள். கல்லைத் தேடுங்கள். சூலம் பொறித்திருந்தால் சிவன் கோயில் நிலத்து எல்லை, சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலத்து எல்லை. மஞ்சள் பூசிக் கும்பிடுகிற கல்லாக இருந்தால் ஊராரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

அறுவடைக்குப் பிறகு, வெயில் சாயும் நேரத்தில் போங்கள். உச்சிப்பொழுதில் தட்டையாகத் தெரிகிற நிலம் மாலை நிழலில் மேட்டைக் காட்டிக்கொடுக்கும். அளக்க 30 மீட்டர் நார் டேப் போதும். செல்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும். மேட்டின் அகலமே அவ்வளவுதான். மண்ணைத் தோண்டாதீர்கள்.

பின்சேர்க்கை: அளவு பொருந்தவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழைய புலப்படத்தில் இருப்பது மீட்டர் இல்லை, லிங்க். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் ஏறத்தாழ 20 செ.மீ. இதை மாற்றிப் போட்டபோது என் மேட்டின் அறுந்த தொடர்ச்சியும் கிடைத்தது. டிராக்டர் பாதைக்கு அப்பால், முழங்கால் உயரத்துக்குக் கரைந்து, மூன்று ஊர் சேரும் கல்லில் போய் முட்டுகிறது.