ஆறவைப்பதில்தான் சிக்கல்: சமைத்த உணவை வீட்டில் பாதுகாப்பாக வைத்திருக்கும் முறை

ஒரு நாள் இரவு, பெரிய பாத்திரம் நிறைய வடித்த சோறு ஆறட்டும் என்று அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் அதன் மணமும் நிறமும் மாறவில்லை. ஆவி பறக்கச் சூடாக்கித்தான் வீட்டில் மூவரும் உண்டோம். மூன்று மணி நேரத்துக்குள் மூவருக்கும் வாந்தி. மீதிச் சோற்றை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை என்பதால் அதுவே காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது; ஆனால் அதன் பிறகு படித்தவை எல்லாம் அந்தப் பாத்திரத்தையே சுட்டின. நன்றாக வேகவைப்பது, கை கழுவுவது போன்றவற்றை இதைப் படிப்பவர்கள் அறிவார்கள் என்று கொண்டு, அடுப்பை அணைத்த பிறகு செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, கொதிநீரையும் தாங்கும் வித்துகளாக உறங்கிக் கிடக்கும். சமைத்த சோறு வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் இருந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சு ஒன்றைச் சோற்றிலேயே சுரக்கின்றன. மறுபடி சூடாக்கும்போது பாக்டீரியா இறந்துபோகலாம், நச்சு அழிவதில்லை. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற என் நம்பிக்கை உடைந்த இடம் இதுதான். மணத்தை நம்பியதும் தவறு, ஏனென்றால் உணவைப் புளிக்கவும் நாறவும் செய்யும் நுண்ணுயிர்கள் வேறு, நோயை உண்டாக்குபவை வேறு.

பாக்டீரியா விரைந்து பெருகும் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். ஆறு மணி நேரத்தில் 2,62,144 ஆகும். இறைச்சிக் குழம்பிலும் பருப்பிலும் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ், 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஏறக்குறைய பத்தே நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். ஆகவே சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அதை 5 டிகிரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேகமே நம் கையில் உள்ள கருவி.

படி 1: வெப்பமானி வாங்குங்கள்

ஊசி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது உணவின் மேற்பரப்பை மட்டுமே அளக்கும், நமக்கோ நடுப்பகுதியின் சூடுதான் தெரிய வேண்டும். வாங்கியதும் ஒரு குவளை நிறையப் பொடித்த பனிக்கட்டியைப் போட்டு, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் கழித்து ஊசியைச் சுவரில் படாமல் நடுவில் பிடித்துப் பாருங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று சோதிப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்ல, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைந்துகொண்டே போகும்.

படி 2: குளிர்சாதனப் பெட்டியை அளந்து பாருங்கள்

உள்ளே இருக்கும் திருகில் 1, 2, 3 என்று எழுதியிருப்பது டிகிரி அன்று. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். நான் பல ஆண்டுகள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 2 என்றால் நல்ல குளிர் என்று நினைத்திருந்தேன். ஒரு குவளைத் தண்ணீரை நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் அந்தத் தண்ணீரின் வெப்பநிலையை அளவுங்கள். 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் திருகை ஓர் எண் மாற்றி, மறுநாள் மீண்டும் அளவுங்கள். ஃப்ரீசர் என்றால் பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி. உறையவைப்பது பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்துமே தவிர, அதைக் கொன்றுவிடாது.

படி 3: ஆறவைத்தல்

நான் மூன்று முறை தோற்ற படி இது என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உணவகச் சமையலறைகளுக்கு வகுக்கப்பட்ட இரண்டு கட்டக் கணக்கையே வீட்டிலும் வைத்துக்கொண்டேன்: ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும். முதற்கட்டத்துக்குக் குறைந்த நேரம் கொடுத்திருப்பதற்குக் காரணம், பாக்டீரியா மிக வேகமாகப் பெருகும் சூடு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

என் முதல் தோல்வி, ஆறு லிட்டர் பாத்திரத்தை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தது. இரண்டு மணி நேரம் கழித்து வெளிப்புறம் தொட்டால் குளிர்ந்திருந்தது. ஊசியை நடுவில் இறக்கியபோதோ 50 டிகிரிக்கு மேல் காட்டியது. கெட்டியான உணவில் நடுவிலுள்ள சூடு வெளியேற எடுக்கும் நேரம், ஆழத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்காகும். எனவே உணவை அகன்ற தட்டங்களில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் பிரித்து ஊற்றுங்கள். சோறு என்றால் இன்னும் மெல்லியதாகப் பரப்பலாம்.

இரண்டாவது தோல்விக்குக் காரணம் பிளாஸ்டிக் டப்பா. பிளாஸ்டிக் வழியே சூடு மெதுவாகவே கடக்கும். ஆறவைக்கும் வரை உலோகத் தட்டத்தைப் பயன்படுத்திவிட்டு, குளிர்ந்த பிறகு எந்தப் பாத்திரத்துக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது தோல்வியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது: இவ்வளவும் கற்றுக்கொண்டு, தட்டங்களில் அழகாகப் பிரித்து, இடம் மிச்சமாகட்டும் என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டேன். நடுத்தட்டம் மேலும் கீழுமாக இரண்டு சூடான தட்டங்களைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது. தட்டங்களுக்கு இடையே காற்று ஓடும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். முற்றிலும் குளிரும் வரை மூடியையும் இறுக்காமல் சற்றுச் சாய்த்து வைப்பது நல்லது.

சூப்பு, குழம்பு போன்று கலக்கக்கூடிய உணவுகளுக்கு இதைவிட விரைவான வழி உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலை அடைத்து, தண்ணீரும் பனிக்கட்டியும் நிரப்பி, பாத்திரத்தை அதில் இறக்குங்கள். வெளியே உள்ள தண்ணீரின் மட்டம் உள்ளே உள்ள உணவின் மட்டத்துக்கு ஏறக்குறைய நிகராக இருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை சுத்தமான கரண்டியால் அடிவரை கலக்கிவிடுங்கள். கலக்காவிட்டால் ஓரம் குளிர்ந்து நடு சூடாகவே நிற்கும்.

வேறு எதற்கும் நேரமில்லை என்றால், சமைத்த உணவு அறைவெப்பத்தில் இருப்பது மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதையாவது கடைப்பிடியுங்கள். அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

படி 4: எதை எங்கே வைப்பது

பச்சை இறைச்சியும் மீனும் மூடிய பாத்திரத்தில் கடைசித் தட்டில். சமைத்தவை அதற்கு மேலே. ஒழுகும் நீர் கீழ்நோக்கித்தான் போகும். கதவு அடிக்கடி சூடேறும் இடம் என்பதால் பாலை அங்கே வைக்காதீர்கள். இறைச்சியைக் குழாயடியில் கழுவுவதையும் நான் விட்டுவிட்டேன், ஏனெனில் தெறிக்கும் நீர் அதிலுள்ள பாக்டீரியாவை மேடையெங்கும் பரப்புகிறது. அவற்றைக் கொல்லும் வேலையை அடுப்பு செய்துகொள்ளும்.

படி 5: மறுபடி சூடாக்குதல்

உண்ணப்போகும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதி 74 டிகிரியை எட்டும் வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் சூடு சீராகப் பரவாது என்பதால், பாதியில் நிறுத்திக் கலக்கி, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அளவுங்கள். சமைத்த உணவை மூன்று, நான்கு நாளுக்கு மேல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்க வேண்டாம். லிஸ்டீரியா போன்ற சில பாக்டீரியாக்கள் அந்தக் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியவை. நாளை நினைவில் வைத்துக்கொள்வதைவிட, பாத்திரத்தில் ஒட்டுநாடாவை ஒட்டித் தேதியை எழுதிவிடுவதே எனக்குச் சரிப்பட்டு வந்தது. தேதி தெரியாத பாத்திரத்தைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு வந்த கேள்விகளில் மூன்றுக்கு இங்கேயே விடை எழுதிவிடுகிறேன்.

சூடான உணவை வைத்தால் பெட்டி பழுதாகாதா என்று பலர் கேட்டிருந்தார்கள். இக்காலப் பெட்டிகள் சிறிய அளவிலான வெதுவெதுப்பான உணவைத் தாங்கும். ஒரே நேரத்தில் பெரிய பாத்திரத்தை உள்ளே தள்ளினால், அதன் சூட்டில் பக்கத்திலுள்ள பாலும் இறைச்சியும் சூடேறுவதுதான் உண்மையான தொல்லை. ஆவி அடங்கியதும் ஆழம் குறைந்த தட்டமாக வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மின்சாரம் நின்ற நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பனிக்கட்டி நீரில் தம் வெப்பமானி 2 டிகிரி காட்டுவதாக மற்றொருவர் எழுதியிருந்தார். திருத்தும் வசதி இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் 4 டிகிரி வேண்டிய இடத்தில் அது 6 காட்டும் என்று கணக்கில் கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி சேர்த்து மீண்டும் அளந்து பார்க்கச் சொன்னேன். பனிக்கட்டி குறைந்து தண்ணீர் மிகுந்திருந்ததால்தான் 2 காட்டியிருக்கிறது. இரண்டாவது முறை அதே வெப்பமானி பூச்சியத்தில் நின்றதாக மறுநாள் எழுதினார்.