பட்டுப்புடவையின் சிவப்பு போட்டோவிலும் அதே சிவப்பாக வர
கல்யாணத்தில் எடுத்த அரக்குப் பட்டு, மடிப்பே தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாக வருகிறதா? முதலில் கேமரா மெனுவில் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங். ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். அதனால் கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தை எண்ணால் சொல்லும் அளவு) வைத்து, மஞ்சள் குண்டு பல்புக்கு 3000, வெளியே வெயிலுக்கு 5200 என்று ஆரம்பித்து, யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டே, அது நீலமடித்தால் எண்ணைக் கூட்டி, மஞ்சளடித்தால் குறைத்து, வெள்ளையாகும்வரை நகர்த்துங்கள். (மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வேண்டாம், அது இயல்பிலேயே சந்தன நிறம்.)

ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்சத்தை நிறம் வாரியாகக் காட்டும் வரைபடம்) சிவப்புக் கோடு மட்டும் வலது ஓரத்தில் முட்டுகிறதா, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, 1/3 ஸ்டாப் குறையுங்கள், மடிப்பு திரும்பி வரும். மேடையில் கலர் எல்இடி போட்டிருந்தால் எந்த செட்டிங்கும் முழுசாகக் காப்பாற்றாது, பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்த வசதியான ரா (RAW) ஃபைலாகவும் சேர்த்து எடுத்து வையுங்கள்.